சேர்த்து அடிக்கலாமா என்று கேட்ட மத்தியானம்

ஆஃப்ஷீன் வேலை நேரத்தில் காணாமல் போகிறவள். நாற்காலியில்தான் இருப்பாள். கண் திறந்திருக்கும், கையில் பேனா இருக்கும், கூப்பிட்டால் "சொல்லுங்க சார்" என்று பதிலும் வரும். ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டாள். அவள் அம்மா ஜாஹிரா இதற்குப் பயந்தே அடுப்பில் பால் வைத்தால் அவளைக் காவலுக்கு நிறுத்துவதில்லை.

வேலை என்னவோ கவனமாகச் செய்ய வேண்டிய வேலைதான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புதிதாக முளைத்த வீடுகளுக்கு நடுவே, ராஜேந்திரன் என்பவர் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஓர் ஆலை நடத்தினார். சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, பாட்டிலில் அடைத்து, விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். தண்ணீரில் கலந்து நெல்லுக்கு அடித்தால் அது பயிரின் மேல் தங்கி நோய்ப் பூஞ்சைகளை நெருங்க விடாது. நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. படித்த ஆஃப்ஷீன்தான் அங்கே எல்லாம். வளர்ப்பதும் அவள், சோதிப்பதும் அவள், பாட்டிலில் அச்சடித்த நம்பருக்குப் போன் வந்தால் பதில் சொல்வதும் அவள்.

அவள் காணாமல் போகும் இடம் வெகு தூரத்தில் இல்லை. எதிரே தொட்டியில் கோடிக்கணக்கில் மிதக்கும் பாக்டீரியாக்களில் ஏதோ ஒன்றின் உள்ளே போய்விடுவாள்.

அங்கே வெளிச்சம் கிடையாது. வெதுவெதுப்பாக இருக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நடப்பதைப் போல எல்லாம் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே நகரும். யாரும் யாரையும் திட்டிக்கொள்வதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். புரதம் கட்டும் எந்திரமான ரைபோசோம் அங்கே இரண்டு துண்டாகத் திரியும், சின்னத் துண்டு ஒன்று, பெரிய துண்டு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. ஆனால் வேளை வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்டால் அது வீண் சேர்க்கை. அதனால் ஒரு புரதம் வந்து சின்னத் துண்டோடு ஒட்டிக்கொண்டு, பெரியதைக் கிட்டே வரவிடாமல் நிற்கும். தொடக்கக் காரணி மூன்று என்று அதற்குப் பெயர். ஆஃப்ஷீன் மரியாதையாக மூன்றாமவர் என்பாள்.

முதலாமவருக்கு வேறு வேலை. அடுத்து வருகிறவர் உட்கார வேண்டிய இருக்கையில் தாமே போய் உட்கார்ந்துகொண்டு, யாரும் அவசரப்பட்டு வந்து அமராமல் பார்த்துக்கொள்வார். இரண்டாமவர், முதல் அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து நடு இருக்கையில் அமர்த்துவார். இதற்கிடையே செய்தி எழுதிய நீள இழை ஒன்று மிதந்து வந்து சின்னத் துண்டின் மேல் படியும். எங்கே படிய வேண்டும் என்பதற்கு இழையிலேயே ஓர் அடையாளம் இருக்கும். சின்னத் துண்டு தன் வாலால் அந்த அடையாளத்தைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கும். இழையில் எழுதிய தொடக்கச் சொல் நடு இருக்கைக்கு நேராக வந்துவிட்டதா என்று மூன்றாமவர் கடைசியாக ஒருமுறை பார்ப்பார். சரியாக இருந்தால் விலகுவார். பெரிய துண்டு மெதுவாக வந்து கவியும். இரண்டாமவர் கையில் இருந்த சக்தியைச் செலவழித்துவிட்டுக் கிளம்ப, முதலாமவரும் எழுந்து போவார். அதற்குப் பிறகு எந்திரத்துக்கு யார் துணையும் வேண்டாம் என்பதைப் போல, நொடிக்குப் பத்துப் பதினைந்து அமிலங்களைக் கோத்துக்கொண்டு ஓடும்.

பாடப்புத்தகம் இதையெல்லாம் ஒரே படத்தில் முடித்துவிடும். படத்தில் அம்புக்குறி இருக்கும், காத்திருப்பது இருக்காது. ஆஃப்ஷீனுக்கு அந்தக் காத்திருப்புதான் பிடிக்கும். எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக எட்டு மாதம் அதிலேயே கிடந்தவள், இன்னும் வெளியே வந்து சேரவில்லை.

அப்படி ஒரு கார்த்திகை மாத மத்தியானம். பாத்திரங்களைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பெரிய குக்கரைப் போல ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. ஆஃப்ஷீன் உள்ளே, இரண்டாமவர் முதல் அமிலத்தைக் கூட்டிக்கொண்டு வரும் கட்டத்தில் இருந்தாள். போன் அடித்தது.

"பாப்பா, பச்சையம்மா பேசறேன். பயிர்ல குலைநோய் கண்டிருக்குது. கடையில மருந்து குடுத்திருக்கான், காசுகாமைசின்னு போட்டிருக்குதாம். நம்ம பாட்டிலையும் இதையும் ஒரே டிரம்ல சேத்து அடிக்கலாமா? மருந்தடிக்கிற ஆளு நாளைக்குக் காலைல ஒரு தபாதான் வருவான்."

"ம். அடிங்கம்மா."

"இப்பவே கலந்து வச்சுட்டா காலைல சுளுவா இருக்கும். சேத்தா ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாதும்மா. அடிங்க."

அவளுக்குத் தெரியாத மருந்து இல்லை அது. பரீட்சையில் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். ஆனால் பரீட்சையில் கேட்கவில்லை, மத்தியானத்தில் கேட்டார்கள். போனை வைத்த கையோடு அந்தப் பேச்சும் அவளைவிட்டுப் போய்விட்டது. இந்த மத்தியானத்தை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொள்ளவில்லை.

பச்சையம்மாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் நெல் வைப்பவர். ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊர் விவசாயிகள் குழுவுக்கு அவர்தான் தலைவி. நாற்பத்திரண்டு குடும்பங்கள் அவர் சொல்லைக் கேட்டு விதை வாங்கும், உரம் வாங்கும். சூடோமோனாஸ் பாட்டிலை முதலில் நம்பியவரும் அவர்தான். வீடு வீடாகப் போய், "விஷம் இல்ல, உசுரு இது" என்று சொல்லிச் சொல்லி ஊரை நம்ப வைத்தவர். அந்தத் தடவை அவர் வீட்டு டிரம்மில் கலந்ததைத்தான் பதினோரு குடும்பங்கள் எடுத்துப்போய் அடித்தன.

குலைநோய் நின்றது. ஆனால் சூடோமோனாஸ் எதைத் தடுக்க வேண்டுமோ, அந்த இலையுறை கருகல் நோய் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே ஏறியது. பன்னிரண்டு நாளில் பதினோரு வயலிலும் பயிரின் அடித்தண்டு வெந்ததைப் போல ஆகிவிட்டது. கலக்காமல் தனியாக அடித்தவர்களின் வயல் பச்சையாக நின்றது. ஊர் சும்மா இருக்குமா? கம்பெனிப் பெண்ணைக் கேட்டுத்தான் கலந்தேன் என்று பச்சையம்மாள் சொன்னார். எந்தப் பெண், என்ன கேட்டாய், என்ன சொன்னாள் என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள்.

டிரம்மில் மிஞ்சியதை ஒரு கேனில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவர் வேங்கிக்காலுக்கே வந்துவிட்டார். வந்தவர் ராஜேந்திரன் முன்னால் நின்று ஆஃப்ஷீனைக் கேட்டார்.

"நீதானே பாப்பா சேத்து அடிக்கலாம்னு சொன்ன?"

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனேம்மா," என்றாள் ஆஃப்ஷீன். பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அது பொய்யைவிட மோசமாகப் போயிற்று.

பச்சையம்மாள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அவர் முகத்தில் வந்தது ஒரு குழப்பம்தான். "சொல்லலியா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேனை அங்கேயே வைத்துவிட்டுப் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கிப் போனார்.

ராஜேந்திரன் கெட்டவர் இல்லை. பச்சையம்மாளுக்குப் போன பாட்டில்களோடு அதே நாளில் நிரப்பிய பாட்டில் ஒன்றை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். அதில் பாக்டீரியா ஜோராக வளர்ந்தது. "நம்ம சரக்கு நல்லா இருக்குது. அவங்க டிரம்ம வெயில்ல போட்டிருப்பாங்க," என்று அவர் முடிவுக்கு வந்தார். கேனில் இருந்ததை ஆஃப்ஷீன் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் தடவிப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. செத்துவிட்டது என்று ராஜேந்திரன் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் குழுக் கூட்டம், ஊரார் பச்சையம்மாளைக் கேள்வி கேட்கப் போகிறார்கள், கம்பெனி சார்பில் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். அவர் எழுத உட்கார்ந்தார்.

ஆஃப்ஷீனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கார்த்திகை மாத வெயிலில் ஒன்றுகூட மிஞ்சாமல் எப்படிச் சாகும்? செவ்வாய்க்கிழமை கேனில் இருந்ததைக் கொஞ்சம் எடுத்துச் சுழல் எந்திரத்தில் சுழலவிட்டு, அடியில் படிந்ததை மூன்று முறை சுத்தத் தண்ணீரில் அலசி, புதுத் தட்டில் தடவி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை தட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போய் புற ஊதா விளக்கைப் போட்டாள். தட்டு முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் சின்னச் சின்னப் புள்ளிகள். சூடோமோனாஸின் நிறம். அது சாகவில்லை.

அவள் கையில் தட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே உள்ளே போனாள், இந்தத் தடவை அந்தக் கேனுக்குள்ளே. இருட்டும் வெதுவெதுப்பும் அப்படியே இருந்தன. ஆனால் எதுவும் ஓடவில்லை. மருந்து கலப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்ட எந்திரங்கள் ஓடி முடித்துத் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றன. புதிதாகத் தொடங்கியது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சின்னத் துண்டிலும், செய்தி இழை நடு இருக்கைக்கு வரும் வழியில், காசுகாமைசின் குந்திக்கொண்டிருந்தது. அளவில் எவ்வளவு சின்னது அது. கத்தியை எடுக்கவில்லை, யாரையும் கொல்லவில்லை, வழியில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். இரண்டாமவர் முதல் அமிலத்தைக் கூட்டிவந்தார், அமர்த்த முடியவில்லை, திரும்பிப் போனார். மறுபடி கூட்டிவந்தார். மூன்றாமவர் பெரிய துண்டை விலக்கிப் பிடித்தபடி நின்றார். சரி என்று சொல்ல அவருக்கு ஒரு வேளை வரவேயில்லை. அத்தனை பேரும் அவரவர் வேலையைச் செய்யத் தயாராக, இருட்டில், நாள் கணக்கில் நின்றார்கள். அலசியதும் மருந்து கழன்று போயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. எட்டு மாதம் இதையே கனவாகக் கண்டவளுக்கு, இதைக் கெடுக்கும் மருந்தின் பெயர் காதில் விழுந்தும் உறைக்கவில்லை என்றால் என்ன படிப்பு? அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஆட்டோகிளேவின் இரைச்சலோடு, பாதி மேகத்துக்குள் இருந்த மலையோடு, சேத்தா ஒண்ணும் ஆவாதே என்று கேட்ட குரல். அதற்குப் பதில் சொன்ன தன் குரலும் அவளுக்குக் கேட்டது.

ராஜேந்திரனிடம் போய்த் தட்டைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நீ சொன்னதுக்கு எழுத்து இருக்குதா?"

"இல்ல சார். போன்ல சொன்னது."

"அந்தம்மா ரெக்கார்டு பண்ணி வச்சிருக்குதா?"

"இருக்காது சார்."

"அப்ப விடு. அந்தம்மாவே ஒரு மாதிரி கொழம்பிப் போயிருக்குது. நாமளா போயி தலையைக் குடுத்தா நாளைக்கு ஒருத்தனும் நம்ம பாட்டில வாங்க மாட்டான். வெயில்ல வச்சாங்க, எங்களைக் கேக்காம கலந்தாங்கன்னு எழுதியிருக்கேன். நீ போயி படிச்சுட்டு வந்துடு. ஜாஸ்தி பேசாத." நாலாக மடித்த கடிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

அன்று மார்கழிப் பௌர்ணமி. பஸ்களை ஊருக்குள் விடவில்லை. கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க அவள் தற்காலிக நிறுத்தம் வரைக்கும் வெயிலில் நடந்தாள். எதிரே கூட்டம் கூட்டமாக ஆட்கள் மலை சுற்ற வந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கமாக இப்படி ஓர் இடம் கிடைத்தால் காணாமல் போய்விடுவாள். அன்று போக முடியவில்லை. கடிதத்தை இரண்டு முறை பிரித்துப் படித்தாள். தமிழ் சுத்தமாக இருந்தது. 'எங்கள் அறிவுரையின்றி' என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றுவிட்டாள்.

பால் சொசைட்டிக்கு முன்னால் பாய் விரித்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பதினோரு வயல்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதில் அதிகம் இழந்தவர் திருமலை. ஒன்றரை ஏக்கர், குத்தகை நிலம். அவர்தான் முதலில் பேசினார்.

"பச்சையம்மாக்கா, நாங்க பாட்டில நம்பல, உங்கள நம்புனோம். கேட்டுட்டுதான் கலந்தேன்னு சொல்றீங்க. போன் போனது தெரியுது, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க வாரத்துக்கு ரெண்டு தபா அந்த நம்பருக்குப் பேசறவங்க. அன்னைக்கு என்னத்தக் கேட்டீங்க?"

பச்சையம்மாள் எழுந்தார். ஆஃப்ஷீன் பக்கம் அவர் பார்க்கவில்லை.

"போன் பண்ணது நெஜம்," என்றார். "இதத்தான் கேட்டனா, பாட்டிலு எப்ப வரும்னு கேட்டனா, இப்ப சொல்லத் தெரியல. தெனம் யோசிக்கிறேன். கேட்ட மாதிரியும் இருக்குது. மனசுல நெனச்சத கேட்டதா எடுத்துக்கிட்டனோ என்னவோ. அந்தப் பொண்ணு சொல்லலன்னு சொல்லுது. அது படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது. நானாத்தான் கலந்திருப்பேன் போல. எம்மேலதான் தப்புன்னு எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திருமலைகூடத் தலையைக் குனிந்துகொண்டார். காரியம் சுலபமாக முடிந்துவிட்டது. இனிக் கடிதத்தைப் படிக்கக்கூட வேண்டியதில்லை.

ஆஃப்ஷீன் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. சொல்ல வேண்டியது முழுவதும் தொண்டைக்குள் வரிசையாக இருந்தது, முதல் சொல் மட்டும் ஏறவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கடிதம் கையில் நனைந்துகொண்டிருந்தது. அதைப் பிரித்து முதல் வரியைப் படித்தால் போதும், மிச்சத்தை ராஜேந்திரனின் தமிழ் பார்த்துக்கொள்ளும். அவள் அதை மடித்தபடியே பாயில் வைத்தாள்.

"கேட்டாங்க," என்றாள்.

யாரோ "இன்னா?" என்றார்கள்.

"கேட்டாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை கேட்டாங்க. கடை மருந்து பேரைச் சொல்லி, சேத்து அடிக்கலாமான்னு கேட்டாங்க. அடிங்கம்மான்னு சொன்னேன். இப்பவே கலந்து வச்சா ஒண்ணும் ஆவாதேன்னு மறுபடி கேட்டாங்க. ஆவாதுன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன்." அதற்கப்புறம் அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. அந்த மருந்து பாக்டீரியாவை எங்கே மறிக்கும் என்பதைச் சொன்னாள். அது தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னாள். கவனம் இல்லாமல் பேசியதை, கேட்க வந்தவரிடம் சொல்லவில்லை என்று சாதித்ததை, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லாம் சொன்னாள். மூச்சு வாங்கியது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

திருமலை குனிந்த தலையை நிமிர்த்தினார். பிறகு, "அப்ப அந்த உசுரு செத்துப் போச்சா?" என்று கேட்டார்.

"சாகலைங்க. ஆரம்பிக்க முடியாம நின்னுடுச்சு."

"இப்ப இன்னா பண்றது?"

"வயல்ல தண்ணிய வடிச்சுட்டு, நம்மளத மட்டும் தனியா அடிக்கணும். பாதி தூராவது தேறும். பாட்டில் நான் கொண்டாந்து தரேன். கம்பெனி தரலன்னாலும் தரேன்." இதை எப்படிச் செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பைக்குள் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. ராஜேந்திரனாகத்தான் இருக்கும். சேதி அதற்குள் போயிருக்கும்.

இரண்டு பேர் அவளைத் திட்டினார்கள். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டாள். ஒருவர் பின் ஒருவராக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாயைச் சுருட்ட ஆள் வந்தபோதுதான் பச்சையம்மாள் எழுந்து அவளிடம் வந்தார். ஆஃப்ஷீன் தலை குனிந்து நின்றாள். இவர் திட்டுவதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் திட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தபா கேட்டேன் இல்ல, பாப்பா?"

"ரெண்டு தபா கேட்டீங்கம்மா."

"பேரு சொல்லிக் கேட்டேன் இல்ல?"

"சொல்லித்தாம்மா கேட்டீங்க."

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"எம் மருமவ நாளைக்கு என்னிய வேலூருக்கு மூளை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன்னு சொல்லிட்டிருந்தா," என்றார். "நானும் சரின்னு சொல்லி, மாத்துப் புடவைய எடுத்து வச்சுட்டேன்."